எரிபொருளை மாற்ற ஆணை மட்டும் போதுமா? டில்லி தரும் பாடம்

ஒரு நகரத்தில் ஓடும் பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் டாக்சிகளும் இனிமேல் டீசலிலோ பெற்றோலிலோ ஓடக்கூடாது, மாற்று எரிபொருளிலேயே ஓடவேண்டும் என்று அறிவிப்பது எளிது. அதற்கு ஒரு பத்திரிகை அறிக்கையோ ஒரு வர்த்தமானி அறிவித்தலோ போதுமானது. ஆனால், அந்த அறிவிப்பு வெளியான மறுநாள் காலையில் வண்டியை வீதிக்குக் கொண்டுவர வேண்டிய சாரதி, புதிய எரிபொருளை எங்கே நிரப்புவது, எவ்வளவு நேரம் காத்துநிற்பது, பழுதானால் யாரிடம் கொண்டுபோவது, வண்டியை மாற்றுவதற்கான கடனை எப்படிக் கட்டுவது என்ற வினாக்களுக்கு விடை காணவேண்டியவனாகிறான். இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடைதேடாத எந்தவொரு திட்டமும், நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சாதாரண மக்களின் தலைமீதே பாரத்தை இறக்கிவைக்கும் என்பதற்கு எமது அயல்நாட்டின் தலைநகரான டில்லி ஒரு சிறந்த உதாரணமாகும்.

மின்சார பஸ்கள் பற்றியும் மின்சார முச்சக்கரவண்டிகள் பற்றியும் எமது நாட்டில் அடிக்கடி பேசப்படும் இக்காலகட்டத்தில், 1998 முதல் 2002 வரையான காலப்பகுதியில் டில்லி கடந்துவந்த பாதையை மீட்டுப் பார்ப்பது பயனுடையதாகும். தெற்காசியாவில் ஒரு மாநகரத்தின் முழுப் பொதுப் போக்குவரத்தையும் ஓர் எரிபொருளிலிருந்து மற்றோர் எரிபொருளுக்கு மாற்றிய முதலாவது பெரும் முயற்சி அதுவேயாகும்.

நீதிமன்றம் வகுத்த பாதை

1985 ஆம் ஆண்டிலேயே எம்.சி.மேத்தா என்ற சட்டத்தரணி டில்லியின் காற்று மாசடைதல் தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்றைத் தாக்கல் செய்திருந்தார். 1990களின் நடுப்பகுதியில் அந்நகரின் காற்று உலகின் மிக மோசமான காற்றுகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. அனில் அகர்வால் தலைமையிலான விஞ்ஞான, சுற்றாடல் நிலையம் 1996 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வாகனப் புகையினால் மக்கள் மெதுவாகக் கொல்லப்படுவதாகக் குற்றஞ்சாட்டியமை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இதனைத் தொடர்ந்து 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றாடல் மாசு கட்டுப்பாட்டு அதிகாரசபை ஒன்று நியமிக்கப்பட்டது. அச்சபையின் சிபாரிசுகளை ஏற்று 1998 ஜூலை 28 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் விடுத்த கட்டளையே டில்லியின் போக்குவரத்து வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது.

அக்கட்டளையின் பிரகாரம், 1990 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட முச்சக்கரவண்டிகளும் டாக்சிகளும் 2000 மார்ச் 31 ஆம் திகதிக்கு முன்னர் தூய எரிபொருளில் ஓடும் புதிய வண்டிகளால் பதிலீடு செய்யப்பட வேண்டும். எட்டு வருடங்களுக்கு மேற்பட்ட பஸ்கள் 2000 ஏப்ரல் முதல் தூய எரிபொருளில் மாத்திரமே ஓடலாம். நகரின் அனைத்து பஸ்களும் 2001 மார்ச் 31 ஆம் திகதிக்கு முன்னர் சி.என்.ஜி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அழுத்தமூட்டப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட வேண்டும். பஸ்களின் எண்ணிக்கை 10,000 ஆக உயர்த்தப்பட வேண்டும். அப்பொழுது ஒன்பதாக மட்டுமே இருந்த எரிவாயு நிரப்பு நிலையங்கள் 2000 மார்ச் மாத முடிவுக்குள் 80 ஆக அதிகரிக்கப்பட வேண்டும். எழுத்தில் பார்க்கும்போது இது முழுமையானதொரு திட்டமே. வண்டி, எரிபொருள், நிரப்பு நிலையம், பஸ்களின் தொகை ஆகிய யாவும் அதில் அடங்கியிருந்தன. ஆயினும் இவற்றில் எது முதலில் நடந்தேறியது, எது பின்தங்கியது என்பதிலேயே பின்னர் நேர்ந்த துயரங்களுக்கான காரணம் தங்கியிருந்தது.

ஏன் இயற்கை வாயு?

டீசலையே சுத்திகரித்துப் பயன்படுத்தினால் போதாதா என்ற வினா அன்று வலுவாக எழுப்பப்பட்டது. அதற்கு இரண்டு விடைகள் கூறப்பட்டன. முதலாவது, டீசல் புகையிலுள்ள நுண்துகள்கள் சுவாசப்பைகளின் ஆழம்வரை செல்பவை. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஆம் ஆண்டில் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. அன்று இந்தியாவில் விற்பனையான டீசலில் கந்தகத்தின் அளவும் மிக அதிகமாக இருந்தது. இரண்டாவது விடை நடைமுறை சார்ந்தது. மானிய விலையில் ஏழைகளுக்கென வழங்கப்பட்ட மண்ணெண்ணெய் கள்ளத்தனமாக டீசலுடன் கலக்கப்பட்டு விற்கப்பட்டு வந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவுதான் சுத்தமான டீசலைத் தயாரித்தாலும் அது பஸ்ஸின் தாங்கியைச் சென்றடையும்போது சுத்தமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை. வாயுவில் அவ்வாறான கலப்படம் செய்தல் இலகுவானதல்ல. எரிபொருளைத் தெரிவுசெய்வதில் இரசாயனம் மட்டுமன்றி, அதனை விற்பவர்களின் நேர்மையும் கவனத்திற்கொள்ளப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

என்ஜினில் தொடங்கும் சிக்கல்

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்று மிகையாக அழுத்தப்படும்போது ஏற்படும் வெப்பத்தினாலேயே டீசல் பற்றிக்கொள்கின்றது. இயற்கை வாயு அவ்வாறு தானாகப் பற்றுவதில்லை. அதற்குத் தீப்பொறி வேண்டும். எனவே டீசல் பஸ் ஒன்றை வாயுவில் முழுமையாக ஓடச்செய்வதாயின் அதன் அழுத்த விகிதத்தைக் குறைத்து, உருளைத் தலையையும் பிஸ்டன்களையும் மாற்றி, பிளக்குகளையும் வாயுக் குழாய்களையும் பொருத்தவேண்டும். பெற்றோலில் ஓடும் முச்சக்கரவண்டிக்கோ காருக்கோ இம்மாற்றம் ஒப்பீட்டளவில் இலகுவானது. பழைய டீசல் பஸ்ஸுக்கோ அது ஏறத்தாழ புதிய என்ஜினை வாங்குவதற்குச் சமமானது. டில்லியில் புதிய சி.என்.ஜி. பஸ்கள் வாங்கப்பட்ட அதேவேளை, பழைய பஸ்கள் பலவும் மாற்றியமைக்கப்பட்டன. மாற்றியமைக்கும் வேலையின் தரம் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

இன்னொரு சிக்கல் இடம் சம்பந்தப்பட்டது. வாயுவை ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் உருக்குச் சிலிண்டர்களில் அடைத்தாலும், ஒரு லீற்றர் டீசல் தரும் சக்தியைப் பெறுவதற்கு அதனைப்போல் சுமார் நான்கு மடங்கு கொள்ளளவு தேவைப்படும். ஆகவே வாயு பஸ் பாரமான சிலிண்டர்கள் பலவற்றைச் சுமந்துகொண்டே ஓடவேண்டும். அப்படியிருந்தும் ஒருமுறை நிரப்பியதும் ஓடக்கூடிய தூரம் குறைவாகவே இருக்கும். தூரம் குறையும்போது நிரப்பு நிலையத்துக்குப் போகும் தடவைகள் அதிகரிக்கும். நிலையங்கள் போதியளவு இல்லாதபோது இதுவே வரிசைகளாக உருவெடுக்கும்.

தாய் நிலையமும் மகள் நிலையமும்

பெற்றோல் நிலையமொன்றைத் திறப்பதற்கு நிலத்தடித் தாங்கியும் பவுசரும் போதும். வாயு நிலையம் அவ்வாறானதல்ல. குழாய்வழியாக வரும் வாயுவை உயர் அழுத்தத்துக்கு உட்படுத்தும் பெரிய கொம்பிரசர்கள் வேண்டும். அவற்றை இயக்கத் தடையற்ற மின்சாரம் வேண்டும். நகரத்தினுள் விசாலமான காணி வேண்டும். டில்லியில் இந்நிலையங்களுக்குத் தாய் நிலையம், மகள் நிலையம் என்று பெயரிடப்பட்டிருந்தன. குழாயுடன் நேரடியாக இணைக்கப்பட்ட தாய் நிலையங்களில் வாயு அழுத்தப்பட்டு, சிலிண்டர் அடுக்குகளில் நிரப்பப்பட்டு, லொறிகளில் ஏற்றப்பட்டு மகள் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குழாய் எட்டாத பகுதிகளுக்கு இதனைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் வெளியாருக்கு எளிதில் தென்படாத ஒரு குறைபாடு மறைந்திருந்தது. லொறியில் வந்த சிலிண்டர்கள் வெறுமையாகிக்கொண்டு போகும்போது அவற்றின் அழுத்தமும் குறைந்துகொண்டே போகும். வரிசையின் முன்னால் நின்ற வண்டிக்கு முழுமையாக நிரம்பிய வாயு, பின்னால் நின்ற வண்டிக்கு அரைவாசியாகவே நிரம்பியது. அரைவாசி நிரப்பிக்கொண்டு போனவர் சில மணித்தியாலங்களிலேயே மறுபடியும் வரிசையில் வந்து நின்றார். இதனால் வரிசை மேலும் நீண்டது. வரிசை நீள நீள லொறியின் வாயு விரைவாகத் தீர்ந்தது. அடுத்த லொறியோ அதே வாகன நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தது. ஆக, நிலையங்களின் எண்ணிக்கையைக் காட்டும் கணக்கு ஒன்றாகவும், அவை உண்மையில் வழங்கக்கூடிய வாயுவின் அளவு வேறொன்றாகவும் இருந்தன. அதிகாரிகள் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டினர். சாரதிகள் வரிசையைச் சுட்டிக்காட்டினர்.

காலக்கெடுவும் கலவரமும்

2001 மார்ச் மாதம் நெருங்கியபோது பஸ் உரிமையாளர்களில் மிகச் சிலரே மாற்றத்துக்குத் தயாராக இருந்தனர். அரசாங்கம் காலநீடிப்புக் கோரியது. பொதுவான நீடிப்பை வழங்க மறுத்த நீதிமன்றம், வாயு வண்டிகளுக்கு ஏற்கனவே கட்டளை கொடுத்திருந்தவர்களுக்கு மாத்திரம் அவ்வாண்டு செப்டெம்பர் 30 வரை சலுகை அளித்தது. ஏப்ரல் மாத ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான பஸ்கள் வீதியிலிருந்து மறைந்தன. வேலைக்குச் செல்வோரும் பாடசாலைப் பிள்ளைகளும் தரிப்பிடங்களில் மணிக்கணக்கில் காத்துநின்றனர். ஆத்திரமுற்ற மக்கள் வீதிமறியலில் இறங்கினர். பஸ்கள் சில எரிக்கப்பட்டன. சுத்தமான காற்றுக்காக விடுக்கப்பட்ட கட்டளை, அக்காற்று யாருக்குத் தேவையோ அவர்களையே ஆத்திரமடையச் செய்தது.

அதன்பின்னர் எரிபொருளைக் குறித்துரைப்பது நீதிமன்றத்தின் வேலையா என்ற வாதம் மேலெழுந்தது. இந்திய மத்திய அரசு நியமித்த மசேல்கர் குழு, புகை எந்தளவைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் அரசு விதிக்கவேண்டும், எந்த எரிபொருளைக் கொண்டு அதனை அடைவது என்பதை உரிமையாளரின் தெரிவுக்கு விட்டுவிடவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. கோட்பாட்டளவில் இது நியாயமான கருத்தே. ஆனால், விதித்த அளவை மீறுவோரைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை முறையும், கலப்படமற்ற எரிபொருளும் உள்ள இடத்திலேயே அது பயன்தரும். அன்றைய டில்லியில் இவ்விரண்டும் இருக்கவில்லை.

2002 ஏப்ரல் 5 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தனது நிலைப்பாட்டை மீண்டும் உறுதிப்படுத்தியது. தொடர்ந்து ஓடும் டீசல் பஸ் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. முப்பது நாட்களின் பின்னர் அது 1,000 ரூபாவாக உயரும் என்றும், மாதமொன்றுக்கு 800 டீசல் பஸ்கள் வீதம் அகற்றப்பட வேண்டும் என்றும் கட்டளையிடப்பட்டது. வாயு போதாது என்ற வாதத்தை ஏற்க மறுத்த நீதிமன்றம், கைத்தொழில்களுக்கு வாயுவை வழங்கிக்கொண்டே போக்குவரத்துக்கு இல்லையென்று கூறமுடியாது என்ற வகையில், வாயு ஒதுக்கீட்டில் போக்குவரத்துத் துறைக்கே முன்னுரிமை அளிக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. 2002 டிசெம்பர் மாதத்தில் டில்லி நகர சேவையிலிருந்து டீசல் பஸ்கள் முற்றாக நீங்கின.

வரிசையில் நின்றவர் யார்?

இக்கதையில் பெரும்பாலும் பேசப்படாதவர் முச்சக்கரவண்டிச் சாரதியே. டில்லியில் முச்சக்கரவண்டிகளின் எண்ணிக்கை 1997 ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டளையினால் வரையறுக்கப்பட்டிருந்தது. 2011 ஆம் ஆண்டிலேயே அவ்வரம்பு ஓர் இலட்சமாக உயர்த்தப்பட்டது. புதிய அனுமதிப்பத்திரம் வழங்கப்படாத காரணத்தால் பழைய அனுமதிப்பத்திரத்துக்குக் கறுப்புச் சந்தையில் பெரும் விலை ஏறியது. வண்டியின் விலையைவிட அனுமதிப்பத்திரத்தின் விலை மேலோங்கிய நிலையில், வண்டிகள் படிப்படியாகக் கடன் வழங்குவோரின் பிடிக்குள் சென்றன. சாரதிகளில் மிகப் பெரும்பாலானோர் நாள்வாடகைக்கு வண்டியோட்டுபவர்களாகவே இருந்தனர்.

நாள்வாடகைக்கு ஓட்டுபவனுக்கு நேரமே பணம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாலையில் வாடகையைக் கட்டியாக வேண்டும். எரிவாயு வரிசையில் நான்கு மணித்தியாலம் நின்றவன், அந்நான்கு மணித்தியாலத்துக்கும் வாடகை செலுத்தினான். வாயு பெற்றோலைவிட மலிவானது என்பது உண்மையே. காலப்போக்கில் வரிசைகள் குறைந்ததும் அந்த இலாபம் சாரதிகளையும் வந்தடைந்தது. ஆனால், மாற்றம் நிகழ்ந்த அந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் இழப்பை யாரும் கணக்கெடுக்கவுமில்லை, ஈடுசெய்யவுமில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும். பஸ் உரிமையாளருக்கு நாளாந்தத் தண்டம் விதிக்கப்பட்டது. வண்டியை மாற்றாத முச்சக்கரவண்டிக்காரருக்கு வீதியில் ஓடும் உரிமையே இல்லாமற்போனது. வாயுவையும் நிலையங்களையும் வழங்கவேண்டியிருந்தோருக்கோ கட்டளைகளும் கண்டனங்களும் விடுக்கப்பட்டனவேயன்றி, அவர்களது தாமதத்துக்கு நாளாந்த விலையொன்று குறிக்கப்படவில்லை. காலக்கெடு இரு தரப்பாரையும் குறிப்பிட்டது. வலித்தது ஒரு தரப்பாருக்கே.

பாதுகாப்பும் பராமரிப்பும்

மாற்றத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வாயு பஸ்கள் சில தீப்பிடித்து எரிந்த சம்பவங்கள் மக்களை அச்சமடையச் செய்தன. இயற்கை வாயு காற்றைவிடப் பாரம் குறைந்தது. கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும் தன்மையுள்ளது. அவ்வகையில் அது பெற்றோலைவிட ஆபத்தானதென்று கூறமுடியாது. ஆயினும் தரமற்ற குழாய்களும், தளர்ந்த இணைப்புகளும், சரியாகப் பொருத்தப்படாத மின்கம்பிகளும் ஒன்றுசேரும்போது ஆபத்து நேர்கின்றது. டீசல் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்மாருக்கு உயர் அழுத்த வாயு புதியதாக இருந்தது. பயிற்சியும் பரிசோதனை நிலையங்களும் வண்டிகளுக்குப் பின்னாலேயே வந்தன, முன்னால் வரவில்லை. மின்கலத்தில் ஓடும் வண்டிகளுக்கும் இவ்விடயம் அப்படியே பொருந்தும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

பலனைப் பொறுத்தவரை, டில்லியின் முயற்சி தோல்வியென எவரும் கூறமுடியாது. பஸ்களிலிருந்து கிளம்பிய கரும்புகை மறைந்தது. காற்றில் கந்தக ஈரொட்சைட்டின் அளவு குறைந்தது. உலகிலேயே மிகப் பெரிய வாயு பஸ் அணியைக் கொண்ட நகரம் என்ற பெயரும் டில்லிக்குக் கிடைத்தது. மறுபுறத்தில், நைதரசன் ஒட்சைட்டுகளைப் பொறுத்தவரை அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. எரியாமல் கசியும் மெதேன் வாயு புவி வெப்பமடைதலைக் கூட்டும் தன்மையுடையது என்பதும் மறைக்கமுடியாத உண்மையாகும்.

சில ஆண்டுகளிலேயே நுண்துகள்களின் அளவு மீண்டும் ஏறத்தொடங்கியது. அதற்கு வாயுவைக் குறைகூறமுடியாது. 2000 ஆம் ஆண்டளவில் 30 இலட்சத்தைத் தாண்டியிருந்த டில்லியின் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களின் தொகை 2017 ஆம் ஆண்டில் ஒரு கோடியைக் கடந்தது. பொதுப் போக்குவரத்து வாயுவுக்கு மாறிய அதேகாலத்தில், தனியார் டீசல் கார்கள் பெருகின. 1998 ஆம் ஆண்டுக் கட்டளையிலிருந்த 10,000 பஸ்கள் என்ற இலக்கு உரிய காலத்தில் எட்டப்படவேயில்லை. பஸ்ஸில் போகும் ஏழை சுத்தமான எரிபொருளுக்கு மாறினான். பஸ்ஸில் போகாத வசதிபடைத்தவன் மாறவேண்டியிருக்கவில்லை. எரிபொருளை மாற்றுவதும் வாகனங்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். டில்லி முதற்பாதியை மட்டுமே செய்தது.

விலை பற்றிய உத்தரவாதமும் நிலைக்கவில்லை. மலிவான எரிபொருள் என்ற நம்பிக்கையுடன் மாறியவர்கள், உலகச் சந்தையில் வாயுவின் விலை உயர்ந்தபோது அதன் தாக்கத்தை உணர்ந்தனர். 2022 ஏப்ரலில் டில்லியின் முச்சக்கரவண்டி, டாக்சிச் சாரதிகள் சி.என்.ஜி. விலையேற்றத்தைக் கண்டித்து வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர்.

பிற நகரங்களின் அனுபவம்

2010 ஆம் ஆண்டளவில் பாகிஸ்தானில் 20 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் இயற்கை வாயுவில் ஓடின. அந்நாட்டின் சொந்த வாயு இருப்பு தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமற்போனதும் நிரப்பு நிலையங்கள் வாரத்தில் பல நாட்கள் மூடப்பட்டன. வாகனங்களை மாற்றுவதில் அந்நாடு காட்டிய வேகத்தை வாயுவின் எதிர்காலம் பற்றிய கணிப்பில் காட்டவில்லை. பங்களாதேஷின் தலைநகரான டாக்காவில் 2003 ஆம் ஆண்டு ஆரம்பத்துடன் புகைகக்கும் இரண்டடி என்ஜின் முச்சக்கரவண்டிகள் தடைசெய்யப்பட்டு, வாயு வண்டிகள் புகுத்தப்பட்டன. இன்று அந்நகர மக்கள் முச்சக்கரவண்டியையே சி.என்.ஜி. என்று அழைக்குமளவுக்கு அம்மாற்றம் வேரூன்றிவிட்டது.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 ஆம் ஆண்டு முடிவில் தனது 16,359 பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. இதனைக் கேட்போர், தாமும் அவ்வாறே செய்துவிடலாமென எண்ணக்கூடும். ஆனால் அந்நகரின் பஸ் சேவை மூன்று பெரிய நிறுவனங்களிடம் இருந்தது; மத்திய அரசும் நகர நிர்வாகமும் பெருந்தொகை மானியம் வழங்கின; பஸ்களைத் தயாரிக்கும் பி.வை.டி. நிறுவனத்தின் தலைமையகமும் அதே நகரிலேயே இருந்தது. புதிய வண்டியின் கூடுதல் விலையைச் சுமந்தது அரசாங்கமேயன்றிச் சாரதியோ தனிப்பட்ட உரிமையாளரோ அல்லர்.

எமது நிலை

மாற்று எரிபொருள் எமது மக்களுக்குப் புதியதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ். குடாநாட்டில், சில துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெய்யில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களையும் மறந்தவர் எவருமிலர். என்ஜினை மாற்று எரிபொருளுக்குப் பழக்குவது எமது கராஜ்காரர்களுக்கு முடியாத காரியமல்ல என்பதை அக்காலம் நிரூபித்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும் எமது மக்களே என்பதையும் அதே காலம் நினைவூட்டுகின்றது. தேவையின் நிர்ப்பந்தத்தினால் ஏற்படும் மாற்றம் வேறு. திட்டமிட்ட மாற்றம் வேறு.

இயற்கை வாயுவை விநியோகிக்கும் குழாய்த்தொடர் எமது நாட்டில் இல்லை. மன்னார்க் கடற்படுகையில் 2011 ஆம் ஆண்டில் வாயு இருப்பது கண்டறியப்பட்ட போதிலும் அது இன்னும் கரைக்கு வந்தபாடில்லை. எனவே எம்முன்னுள்ள நடைமுறைச் சாத்தியமான வழி மின்சாரமே எனலாம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது வரிசைகளில் காத்துநின்றே உயிரிழந்தவர்களை இந்நாடு கண்டது. இறக்குமதி எண்ணெய்யில் மட்டும் தங்கியிருப்பதன் ஆபத்தை அதைவிடத் தெளிவாக உணர்த்த வேறெதுவும் தேவையில்லை.

எனினும், எமது பொதுப் போக்குவரத்தின் அமைப்பு ஷென்செனை ஒத்ததல்ல, டில்லியையே ஒத்தது. 1979 இல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பஸ் சேவையில் ஒரு பஸ்ஸை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்களே பெரும்பான்மையினர். பதிவுசெய்யப்பட்ட முச்சக்கரவண்டிகளின் தொகை 11 இலட்சத்துக்கும் அதிகமாகும். கொழும்பிலும் காத்தான்குடியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வண்டிகளை நம்பி வாழும் குடும்பங்களில் பல, லீசிங் தவணைப் பணத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் இடையில் திண்டாடுபவை. பழைய வண்டியின் கடனே தீராதிருக்கும் ஒருவரிடம் புதிய மின்சார வண்டியை வாங்கு என்று கூறுவது, மூழ்கிக்கொண்டிருப்பவரிடம் நீந்தக் கற்றுக்கொள் என்று கூறுவதற்கு ஒப்பானது.

மின்னேற்றும் நேரமும் ஒரு பிரச்சினையே. பகல் முழுவதும் ஓடிய வண்டிகள் மாலையில் வீடு திரும்பி ஒரே நேரத்தில் மின்னேற்றத் தொடங்கினால், ஏற்கனவே உச்சமடையும் மாலைநேர மின்தேவை மேலும் உயரும். அதனை ஈடுசெய்ய எண்ணெய்யில் இயங்கும் மின்நிலையங்களையே நாடவேண்டிவரும். வண்டியிலிருந்து துரத்திய எண்ணெய்யை மின்நிலையத்தில் எரிப்பதால் பயன் குறைவே. மறுபுறத்தில், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைமேல் சூரியமின் தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொள்ளுமளவுக்கு, தேவை குறைந்த நாட்களில் பகல்நேர மின்சாரம் மிகையாக இருந்தது. பஸ் நிலையங்களிலும் முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களிலும் நண்பகலில் குறைந்த கட்டணத்தில் மின்னேற்றும் வசதி செய்யப்படுமாயின், வீணாகும் மின்சாரமும் பயன்படும். சாரதியின் ஓய்வு நேரமும் பயன்படும்.

செய்யவேண்டிய ஒழுங்கு

டில்லியின் அனுபவத்திலிருந்து இரு தரப்பினரும் தமக்குச் சாதகமான பாடத்தைப் படிக்கக்கூடும். காலக்கெடு இல்லாதிருந்தால் டில்லி ஒருபோதும் மாறியிருக்காது என்பது ஒரு தரப்பின் வாதம். காலக்கெடுவே மக்களை வாட்டியது என்பது மறுதரப்பின் வாதம். இரண்டும் உண்மையே. நிலையங்களை ஒன்பதிலிருந்து பெருகச்செய்ததும் அந்தக் கட்டாயமே. சாரதிகளை வரிசையில் நிறுத்தியதும் அந்தக் கட்டாயமே. ஆகவே காலக்கெடு வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல வினா. அது முதலில் யாரைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பதே வினாவாகும்.

எமது கருத்தின்படி, எரிபொருளை அல்லது மின்சாரத்தை வழங்குவோருக்கே முதலாவது காலக்கெடு விதிக்கப்படல் வேண்டும். நிலையங்களின் எண்ணிக்கையன்றி, ஒரு வண்டி காத்துநிற்கும் சராசரி நேரமே அவர்களது வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளப்படல் வேண்டும். அந்த நேரம் குறித்த அளவுக்குள் வந்த பின்னரே வாகன உரிமையாளருக்கான காலக்கெடு ஆரம்பமாக வேண்டும். வழங்குநரின் தாமதத்துக்கும் நாளாந்தத் தண்டம் இருத்தல் வேண்டும். குறைந்த வட்டிக் கடன், பழைய வண்டியை நியாயமான விலைக்கு மீளப்பெறும் ஏற்பாடு, மெக்கானிக்மாருக்கான பயிற்சி ஆகியன வண்டிகள் வந்திறங்குவதற்கு முன்னரே தயாராக இருக்கவேண்டும். முதலில் மாறவேண்டியவை பெரிய பஸ் சாலைகளில் தரித்துநிற்கும் அரச பஸ்களேயன்றி, கடனில் ஓடும் தனிமனிதனின் வண்டியல்ல. வசதிபடைத்தோரின் வாகனங்களுக்கும் அவற்றின் புகைக்கேற்ற சுமை விதிக்கப்பட வேண்டும்.

சுத்தமான காற்று எல்லோருக்கும் பொதுவானது. அதற்கான செலவை மட்டும் வரிசையில் நிற்பவரிடம் அறவிடுவது நீதியாகாது. அடுத்த அறிவிப்பை வரைவோர், தமது பேனாவை எடுப்பதற்கு முன்னர், அந்த அறிவிப்பின் மறுநாள் காலையில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி எங்கே போய் நிற்கவேண்டியிருக்கும் என்பதை ஒருகணம் சிந்திப்பார்களாயின், டில்லி பட்ட துன்பத்தை நாமும் படவேண்டிய அவசியம் ஏற்படாது.